மருமகன் முன்னால் சொன்ன திகதி

மூன்று வருடங்களுக்கு முன்பு, நோன்புப் பெருநாள் கழிந்து ஹஜ்ஜுப் பெருநாளுக்கான தையல் வேலை மலைபோலக் குவிந்து கிடந்த மாதத்தில், கல்முனையில் எனக்கு நடந்த சம்பவம் இது. அப்போது எனக்கு வயது நாற்பத்திரண்டு. மகளைக் கட்டிக்கொடுத்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அந்த நிலையில் நான் முழுகாமல் இருந்தேன், அதாவது வயிற்றில் பிள்ளை. இதை வாசிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். எங்கள் தெரு எப்போதோ சிரித்து முடித்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணத்தோடு வீட்டை மகள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுவோம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். தாயும் தகப்பனும் பின்பக்கம் ஓர் அறையைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான் குசினியோடு, அதாவது சமையலறையோடு, ஒட்டிய அறைக்குப் போய்விட்டேன். என் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். அந்த வருடம் நோன்பு தொடங்கும்போது லீவில் வந்து, பெருநாள் முடிந்து ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் போனார். மற்றபடி அந்த அறையில் நானும் என் தையல் மெஷினும் அபாயாத் துணிக் கட்டுகளும்தான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே வீட்டில் இருந்தாலும் மாமிக்கும் மருமகனுக்கும் நடுவில் பெரிய மரியாதைத் தூரம் இருக்கும். என் மருமகன் நல்ல பிள்ளை. பஸாரில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். ஆனால் அவர் முன்வாசலால் உள்ளே வந்தால் நான் பின்வாசலால் வெளியே போவேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகளிடம் சொல்வேன், மகள் அவரிடம் சொல்வாள். இத்தனைக்கும் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தைக்கக் கொடுத்த துணியில் ஒரு முழம் குறைந்தால் கடைக்காரனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். மருமகன் முன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மாதம் தள்ளிப் போனபோது, வயது போய்விட்டது, இனி நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். பிறகு நூல் நுனியை வாயில் வைத்து நனைத்தால்கூடக் குமட்ட ஆரம்பித்தது. எங்கள் பகுதிக்கு வரும் மருத்துவ மாது, நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுவோம், பரிசோதித்துப் பார்த்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. “யா அல்லாஹ், இந்த வயசிலயா!” என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மகளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் முதல் கவலை. அவளுக்கு இன்னும் பிள்ளை உண்டாகவில்லை. ஒவ்வொரு மாதமும் அவள் முகம் வாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். சொன்னவுடன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிறகு அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள், எனக்குக் கேட்டது. முகம் கழுவிக்கொண்டு வந்தவள் என் கையிலிருந்த தண்ணீர் வாளியைப் பறித்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை ஒரு வாளி தண்ணீர் தூக்க என்னை விடவில்லை.

நாற்பதைத் தாண்டியதால் மகப்பேற்று வைத்திய நிபுணரிடம் காட்டச் சொன்னார் மிஸ்ஸி. வாரத்தில் ஒரு நாள் வெளியூரிலிருந்து கல்முனைக்கு வரும் ஒரு லேடி டொக்டரிடம் போனோம். மருமகன்தான் ஓட்டோ பிடித்து வந்தார். பின் சீட்டில் இடமிருந்தும் மகள் நடுவில் இருந்தும் என்னோடு ஒரே சீட்டில் இருக்கக் கூச்சப்பட்டு, டிரைவரோடு முன் சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார். அந்தச் சீட்டில் ஒரு கோழி இருப்பதற்கும் இடமில்லை.

டொக்டரின் அறைக்கு வெளியே மேசைக்குப் பின்னால், அங்கே வேலை செய்யும் ஓர் இளம் பிள்ளை இருந்தாள். விவரங்களையெல்லாம் அவள்தான் கார்ட்டில் எழுதுவாள். தொலைபேசி இலக்கம் சொல்வதற்காக மருமகன் என் பக்கத்தில் நின்றார். அந்தப் பிள்ளைக்கு அல்லாஹ் நல்ல குரலைக் கொடுத்திருந்தான். வாசலில் நிற்கும் ஓட்டோக்காரனுக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

“உம்மா, கடைசியா மாதவிடாய் வந்த திகதி என்ன?”

என் உடம்பெல்லாம் கூசியது. திகதி எனக்கு நன்றாகத் தெரியும். நோன்பு இருபதாம் நாள், கடைசிப் பத்து நாட்கள் தொடங்கும் நேரம். மாதவிடாய் நாட்களில் நோன்பு பிடிப்பதில்லை, விட்ட நோன்புகளைப் பிறகு எண்ணிப் பிடிக்க வேண்டும் என்பதால் எங்கள் பெண்களுக்கு அந்தக் கணக்கு மறக்கவே மறக்காது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? அந்த நாட்களில் எனக்கு நோன்பு இல்லை என்பதை வீட்டு ஆம்பிளைகளுக்குக் காட்டாமல், பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லி நோன்பு திறக்கும்வரை பேரீச்சம் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களோடு நானும் வரிசையாக இருந்தவள். எங்கள் வீடுகளில் பெண்கள் எல்லாரும் செய்வதுதான். நோன்பு திறக்கும் நேரம் மட்டும் வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருப்போம் என்பதால் மருமகனுக்கு எதிரில் இருந்து “பிஸ்மில்லாஹ்” சொல்லிக் கஞ்சியும் குடித்தேன். இப்போது அதே மருமகன் முன்னால், நோன்பு இருபதிலிருந்து எனக்கு நோன்பே இல்லை என்று சொல்வதா?

“நோம்பு தொடங்கின தலைப்பிறைக்கு முந்தின நாள்” என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய்யில்லை. அன்றைக்கும் வந்ததுதான். அதற்குப் பிறகு ஒன்று வந்ததை மட்டும் விழுங்கிவிட்டேன். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், முன்பின்னாக இருந்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று நினைத்தேன்.

டொக்டர் கார்ட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டு, பதின்மூன்று வாரம் என்றார். அன்பானவர். ஒவ்வொன்றையும் நிதானமாக விளக்கினார். தாயின் வயது கூடும்போது டவுன் சிண்ட்ரோம் போன்ற நிலைமைகளோடு பிள்ளை பிறக்கும் வாய்ப்பும் கூடுகிறதாம். அதை முன்கூட்டி மதிப்பிட ரத்தப் பரிசோதனை ஒன்றும், பிள்ளையின் பிடரியை அளக்கும் ஸ்கேன் ஒன்றும் இருக்கின்றன. கட்டாயம் இல்லை, விரும்பினால் செய்யலாம் என்றார். நான் செய்வோம் என்றேன். அன்றைய ஸ்கேனுக்கு ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். அடுத்த வாரம் ஸ்கேன் பார்ப்போம், ஆனால் ரத்தம் கொடுக்கும் காலம் முடியப் போகிறது, அதை இன்றே கொடுத்துவிடுங்கள் என்றார். கொடுத்துவிட்டு வந்தேன்.

ரிப்போட் மருமகனின் வாட்ஸ்அப்புக்கு வந்தது. அவருடைய இலக்கத்தைத்தானே கொடுத்திருந்தோம். பகல் நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். வாசலில் நின்று மகளிடம் போனை நீட்டினார். மகள் வாசித்தாள், அப்படியே சுவரில் சாய்ந்தாள். நான் அறையிலிருந்து ஓடி வந்தேன். சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. ‘அபாயம் கூடியது’ என்று அர்த்தமாம். அதற்குக் கீழே ஒன்று, இரண்டு புள்ளி, பதினைந்து.

“புள்ளைக்கு நோய் வருத்தம் எண்டு வந்திரிக்கு உம்மா” என்று மகள் விம்மினாள்.

கையிலிருந்த கத்தரிக்கோலை எங்கே வைத்தேன் என்றுகூடத் தெரியவில்லை. என் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றேன். சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, அந்த நிமிடம்வரை எனக்கு வெட்கம்தான் பெரிதாக இருந்தது. அந்த நிமிடத்தில்தான் இது என் பிள்ளை என்று முழுசாகத் தோன்றியது. இதற்கு ஒன்று என்றால் எனக்குத் தெரிய வேண்டும், அரைகுறையாக அல்ல, சரியாகத் தெரிய வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்தது.

“இந்த ரெண்டு புள்ளி என்னத்துக்கு?” என்று மகளிடம் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அப்போது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு மருமகன் சொன்னார்:

“மாமி, அது பதினைஞ்சில ஒண்டு எண்டு அர்த்தம்.”

ஒன்றரை வருடத்தில் அவர் என்னிடம் நேராகக் கதைத்த முதல் வசனம் அதுதான்.

பதினைந்தில் ஒன்று. நான் அறைக்குப் போய்ப் பொத்தான் பெட்டியைக் கொண்டுவந்தேன். துணி வெட்டும் மேசையில் பதினான்கு வெள்ளைப் பொத்தான்களையும் ஒரு நீலப் பொத்தானையும் வரிசையாக வைத்தேன். என் மாதிரி வயதும் என் மாதிரி ரத்த முடிவும் உள்ள பதினைந்து தாய்மார் இவர்கள். இதில் ஒரு தாயின் பிள்ளைக்குத்தான் அந்த நிலைமை இருக்கும். மற்ற பதினான்கு பேரின் பிள்ளைகளுக்கு இருக்காது. அப்படியென்றால் பிள்ளைக்கு வருத்தம் என்று இந்த ரிப்போட் எங்கே சொல்கிறது? சொல்லவே இல்லை. கவனமாகப் பார் என்று மட்டும்தான் சொல்கிறது. மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பொத்தான்களைப் பார்த்தாள்.

“அந்த நீலம் நம்மட எண்டா?” என்று கேட்டாள்.

“அதுவும் என்ட பெட்டிக்குள்ள இரிந்ததுதானே புள்ள. அதையும் நான் தைப்பன்.”

வாய்ச் சவடாலுக்குச் சொன்னதல்ல. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பெண்பிள்ளைக்கு நான் ஆறு பெருநாள் சட்டை தைத்திருக்கிறேன். அடுத்த தெருப் பிள்ளை. அளவெடுக்கும்போது கூச்சம் தாங்காமல் கெக்கெக்கே என்று சிரிக்கும். கை கொஞ்சம் கட்டை, அதனால் கைப் பகுதியைச் சுருக்கித் தைக்க வேண்டும், அவ்வளவுதான். சட்டையைப் போட்டவுடன் சுற்றிச் சுற்றி ஆடிக் காட்டாமல் போகமாட்டாள். அந்தப் பிள்ளையின் தாயைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொன்னவர்களில் ஒரு காலத்தில் நானும் ஒருத்திதான். அன்றைக்கு அந்தத் தாயின் முகம்தான் எனக்குத் தைரியமாக இருந்தது.

பின்னேரம் கணவர் கட்டாரிலிருந்து போன் எடுத்தார். மகள் ஏற்கனவே சொல்லியிருந்தாள். அவருக்கு வந்தது பயம், ஆனால் ஆம்பிளை பாருங்கள், கோபமாகத்தான் வெளியே வந்தது. “இந்த டெஸ்டையெல்லாம் ஆரு எடுக்கச் சொன்ன? பாத்து என்ன செய்யப் போற? அல்லாஹ் தாறதை நாம வேணாம் எண்டா சொல்லப் போறம்?” என்றார்.

“வேணாம் எண்டு சொல்றதுக்கில்ல. வாறது ஆரு எண்டு தெரிஞ்சா வரவேற்க ஆயத்தமா இரிப்பன். நீங்க லீவில வாறதெண்டா ஒரு மாசத்துக்கு முன்னயே சொல்றீங்கதானே? நான் வீட்டைக் கழுவித் துடைச்சி வெக்கிறதுக்குத்தானே?” என்றேன்.

“சரி, நீ சொன்னாச் சரி” என்றார். என் மனுசன் என்னோடு வாதாடி வென்றதாகச் சரித்திரமில்லை.

மறுநாள் மகளை இருத்தி ரிப்போட்டை வரி வரியாக வாசிக்கச் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் கெட்டிக்காரி. தாயின் வயது, நிறை, ரத்தத்தில் இரண்டு பொருட்களின் அளவு. அதோடு ‘கர்ப்ப காலம் பதின்மூன்று வாரம்’ என்று இருந்தது. அதை ஏன் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். போனில் தேடி வாசித்துச் சொன்னாள்: அந்தப் பொருட்கள் வாரத்துக்கு வாரம் மாறுமாம். ஒன்று ஏறிக்கொண்டே போகுமாம். அதனால் பதின்மூன்று வாரத் தாயென்றால் மற்றப் பதின்மூன்று வாரத் தாய்மாரோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். எனக்கு அந்த ஏறுகிற பொருள் இருக்க வேண்டியதைவிட நன்றாகக் குறைந்திருந்ததாம். அதுதான் சிவப்பு எழுத்து.

நான் கையிலிருந்த துணியைக் கீழே போட்டேன்.

இருபது வருடமாகத் தைக்கிறேன். பத்து வயதுப் பிள்ளையைப் பன்னிரண்டு வயது அளவுப் பட்டியலில் வைத்துப் பார்த்தால் பிள்ளை நோஞ்சானாகத்தான் தெரியும். தோள் குறைவு, உயரம் குறைவு, எல்லாம் குறைவு. குறை பிள்ளையிலா? வயதைப் பிழையாகச் சொன்ன தாயிலா? மூன்று கிழமையில் என்ன குடி முழுகும் என்று நினைத்தேனே, முழுகியது என் குடிதான். நான் பதின்மூன்று வாரமில்லை. பத்து வாரம். பத்து வாரத் தாயின் ரத்தத்தைப் பதின்மூன்று வாரத் தாய்மாரின் வரிசையில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன், ஒரு பேரீச்சம் பழத்தின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக.

“உம்மா, என்ன?” என்று மகள் பதறினாள். விசயத்தைச் சொன்னேன். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஆனால் இது மகளிடம் சொல்லி முடிகிற காரியமில்லை. ரத்தம் கொடுத்த இடத்தோடு தொடர்பில் இருப்பவர் மருமகன். திகதியை மாற்றச் சொல்வதென்றால் அவர்தான் கதைக்க வேண்டும். மகள், “நான் இவருக்கிட்டச் சொல்றன், நீங்க இரிங்க” என்றாள். வழக்கம்போல அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டதால்தானே இவ்வளவும் வந்தது. இன்னொருத்தர் வாயால் சொல்லி, அது இன்னொரு விதமாகப் போய்ச் சேர்ந்தால்? இது என் உடம்பின் கணக்கு. அதை நானே சொல்வேன்.

மருமகன் பகல் சாப்பாட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்திருந்தார். நான் குசினிக் கதவைத் தாண்டி, அவர் சாப்பிடும் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அவர் பதறி எழும்பப் பார்த்தார். இருங்கள் என்று கையால் காட்டினேன். நெஞ்சு மெஷின் மாதிரி அடித்தது.

“மகன், நான் அண்டைக்குச் சொன்ன திகதி பிழை. அதுக்குப் பொறகும் ஒருக்கா வந்த. நோம்பு இருபதில. உங்களுக்கு முன்னால சொல்ல வெக்கத்தில மாத்திச் சொல்லிட்டன். கடைசிப் பத்தில ஒரு கிழமை எனக்கு நோம்பில்ல. அந்தக் கணக்கிலதான் புள்ளைக்கு வயசு பாக்கணும். அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க.”

சொல்லி முடித்துவிட்டேன். பூமி பிளக்கவில்லை. கூரையும் விழவில்லை. மருமகன் சோற்றுக் கையோடு குனிந்து இருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்:

“அது எனக்கு அப்பவே தெரியும் மாமி.”

“என்ன தெரியும்?”

“உங்களுக்கு நோம்பில்ல எண்டு. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு இஞ்சிப் பிளேன்டீ குடிச்சிட்டுக் கோப்பையைக் குசினி யன்னல்ல வெச்சிட்டுப் போயிரிந்தீங்க. எங்கட உம்மாவும் இப்பிடித்தான். எல்லா வீட்டிலயும் ஆம்பிளைகளுக்குத் தெரியும் மாமி. தெரியாத மாதிரி இரிப்பம்.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். கடைசியில் அவரும் சிரித்தார். அட படைச்சவனே, இத்தனை வருடம் நாங்கள் ஒளித்ததும் அவர்கள் ஒளித்ததும் யாரை ஏமாற்றுவதற்கு என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அவர் கை கழுவிக்கொண்டு வந்து, ரத்தம் கொடுத்த இடத்துக்கு அப்போதே போன் எடுத்தார். டொக்டர் ஸ்கேனில் பார்த்து உறுதிப்படுத்தித் திகதியைத் திருத்திக் கொடுத்தால் திரும்பக் கணக்குப் பார்க்கலாம் என்றார்கள்.

ஆனால் பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். திகதி பிழை என்பதால் முடிவும் பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? சரியான அளவுப் பட்டியலில் வைத்துப் பார்த்தாலும் சில பிள்ளைகள் சின்னதாகத்தான் இருப்பார்கள். அந்த வாரம் முழுக்க நீலப் பொத்தானை மெஷின் லாச்சியில், நூல் வைக்கும் இழுப்பறைக்குள், போட்டு வைத்திருந்தேன். நூல் எடுக்கும்போதெல்லாம் கையில் படும்.

ஸ்கேன் நாளன்று மருமகன் மறுபடியும் டிரைவரோடு முன் சீட்டில் ஏறப் போனார். “பின்னுக்கு வாங்க மகன், விழுந்து கிழுந்து வெச்சா என்ட மகளுக்கு நான் என்ன பதில் சொல்ற?” என்றேன். வந்து இருந்தார், மகளை நடுவில் விட்டு.

மேசையில் அதே பிள்ளை. நான் போன உடனே, அவள் கேட்பதற்கு முன்பே சொன்னேன்: “தங்கச்சி, என்ட திகதி பிழை. நோம்பு இருபதாம் நாள். கலண்டரைப் பாத்துத் திருத்தி எழுதுங்க.” குரலைக் குறைக்கவில்லை. வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஆண்கள் ரெண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இந்த முறை நான் குனியவில்லை.

டொக்டரிடம் ரிப்போட்டைக் கொடுத்து, திகதியைச் சொல்லி, பன்னிரண்டு வயது அளவுப் பட்டியல் கதையையும் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு ஸ்கேன் திரையை என் பக்கம் திருப்பினார். கறுப்புக்குள் ஒரு சின்ன உருவம், கையைக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. டொக்டர் தலையிலிருந்து அடிவரை அளந்தார். எழுதினார். திரும்பவும் அளந்தார். நான் அவருடைய பேனையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்கட திகதிதான் சரி. ஒரு நாள் முந்திப் பிந்தி இல்ல” என்றார்.

பரீட்சையில் முதலாம் பிள்ளையாக வந்ததில்லை நான். அன்றைக்கு வந்த மாதிரி இருந்தது. பிடரியை அளப்பதற்கு அடுத்த வாரமும் வரச் சொன்னார். போனோம், அளந்தார். அந்த அளவையும் சரியான வாரத்தையும் வைத்துத் திரும்பக் கணக்குப் பார்த்தபோது, பதினைந்தில் ஒன்று நானூற்றில் ஒன்றானது. என் பெட்டியில் அவ்வளவு பொத்தான் இல்லை.

நான் குதிப்பதற்கு முன் டொக்டர் கையைப் பிடித்தார். இது ‘இல்லை’ என்று சொல்லும் ரிப்போட் அல்ல, வாய்ப்புக் குறைவு என்று சொல்லும் ரிப்போட், அதையும் விளங்கிக்கொள்ளுங்கள் என்றார். நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை பெரிய ஊர்களில் இருக்கிறது, அதில் பிள்ளைக்குச் சிறு ஆபத்தும் உண்டு, தீர்மானம் உங்களுடையது என்றார். நான் ஓம், விளங்குது என்றேன். உண்மையிலேயே விளங்கியது. ஊசி வேண்டாம், நான் பொறுத்திருப்பேன் என்றேன். அதை நான் அறியாமையில் சொல்லவில்லை, அறிந்து சொன்னேன். இந்த இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது அந்த இடத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மாரி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பகலில் என் சின்ன மகள் பிறந்தாள். நீலப் பொத்தான் சொன்ன நிலைமை அவளுக்கு இல்லை. ஆனாலும் அந்தப் பொத்தானை நான் பெட்டியில் திரும்பப் போடவில்லை. அவளுடைய முதல் சட்டையில், கழுத்தடியில் அதைத்தான் தைத்தேன். அவள் எப்படி வந்திருந்தாலும் அந்தச் சட்டை அவளுக்காகத்தான் வெட்டி வைக்கப்பட்டிருந்தது. மருமகன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸாரெல்லாம் திரிகிறார். பார்க்கிறவர்கள் அவருடைய பிள்ளை என்று நினைப்பார்கள். “இது என்ட மச்சினிச்சி” என்று சொல்லி ஆட்களைக் குழப்புவதில் அவருக்கு ஒரு சந்தோசம்.

இப்போது என்னிடம் அபாயாவுக்கு அளவு கொடுக்க வருகிற பெண்களில் சிலர், அளவு கொடுத்து முடிந்த பிறகும் போகாமல் நிற்பார்கள். எனக்கு விளங்கிவிடும். கதவைச் சாத்திவிட்டுப் பொத்தான் பெட்டியைத் திறப்பேன். நான் டொக்டர் இல்லை, ரிப்போட்டை டொக்டரிடம்தான் காட்ட வேண்டும் என்று முதலில் சொல்லிவிடுவேன். ஆனால் பயந்து அழுவதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பேன். திகதியைச் சரியாகச் சொன்னாயா என்பதைக் கட்டாயம் கேட்பேன். நாலு பேரில் ஒருத்தியாவது தலையைக் குனிவாள். ஆம், இதில் எனக்குப் பெருமைதான். பெருமைப்படக் கூடாது என்று யாராவது சொன்னால் அவர்கள் வந்து இந்த வேலையைச் செய்யட்டும்.

சென்ற மாதம் அதே டொக்டரிடம் மறுபடியும் போனோம். இம்முறை கார்ட்டில் எழுதவேண்டியது என் மூத்த மகளின் பெயர். ஓம், அல்லாஹ் அவளுக்கும் கண் திறந்துவிட்டான். மேசையில் அதே பிள்ளை, அதே குரல். பக்கத்தில் மருமகன், அவருடைய வாப்பா, வாங்கு நிறைய ஆட்கள். சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பின்னால் நின்றேன். கேள்வி முடிவதற்குள் என் மகள் நாளும் மாதமும் வருடமும் சேர்த்து, பள்ளிக்கூடத்தில் வரவு சொல்வது மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னாள். அவளுடைய மாமனார் நிலத்தைப் பார்த்தார். மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவளுக்கு நான் சீதனமாக எழுதிக் கொடுத்தது அந்த வீட்டை மட்டும்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதைவிடப் பெரிதான இன்னொன்றையும் கொடுத்திருக்கிறேன் என்பதை, அவள் கூசாமல் அந்தத் திகதியைச் சொன்ன குரலில்தான் தெரிந்துகொண்டேன்.